எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா உனக்குக் கடிதம் எழுதுகிறாளே, அதையும் நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கு அனுப்புகிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். சிதம்பரத்திலிருந்து வீடு திரும்பி வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையை இப்படிச் சந்திக்கு இழுக்கலாமா என்று உன் அப்பாவும் கேட்டார். உன் பெயரை நான் எழுதவில்லை. என் பெயரையும் போடவில்லை. ஆனால் என்னைப் பற்றி நீ ஊரார் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறாய். வெளியே சொன்னதற்கு வெளியேதான் பதில் சொல்ல முடியும். கடலூர் செம்மண்டலத்து நம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உன்னைத் திட்டினால் அது உன் காதோடு போய்விடும்.

இது கோபம் என்று நினைக்காதே. கோபம் வந்தால் எனக்குப் பசி எடுக்கும், அது உனக்கே தெரியும். இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது. நீ என்னை ஏமாற்றிவிட்டாய். கொஞ்சம் மெதுவான வார்த்தையாகப் போடலாம் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சிதம்பரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கிற வீடு என் அப்பா எனக்கு எழுதிவைத்தது. நீ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அதை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று உன் அப்பா சொன்னார். மாணவர்களுக்குத்தான் விட வேண்டும், நீயும் அவர்களோடு இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். கடலூர் ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர்கள் முதல் நாள் எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒருவரையொருவர் துருவுவார்கள். ரெண்டு நாள் போனால் இவர் ஃபிளாஸ்க் அவர் கைக்குப் போகும், அவர் வீட்டு ரசம் இவர் கிண்ணத்துக்கு வரும். மனுஷன் சேர்ந்து இருந்தால் தானாகச் சரியாகிவிடுவான் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தேன். பதினெட்டு வயதில் என் பிள்ளைக்கு அது வாய்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதலில் வந்தவர்களை உனக்கு நினைவிருக்கும். மணிப்பூரிலிருந்து வந்த டோம்பா, பரங்கிப்பேட்டைப் பாய் வீட்டுப் பிள்ளை, தூத்துக்குடிக்காரன், பிறகு மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துக் காலனியிலிருந்து வந்த, யாரிடமும் பேசாமல் எந்நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பையன். எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்: "இந்த வீட்ல ரெண்டே சட்டம்தான். தின்ன தட்டைக் கழுவாம போடக் கூடாது. எவனும் எவனையும் நீ என்ன ஆளுன்னு நோண்டக் கூடாது." அந்த முதல் சட்டத்தை நீ ஒருநாளும் மதித்ததில்லை. ரெண்டாவதையாவது மதிக்கிறாய் என்று நம்பியிருந்தேன்.

டோம்பா ஊரிலிருந்து புளிக்கவைத்த மீன் கொண்டுவந்து சமைத்த அன்று என்ன ரகளை! எதிர் வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். உள்ளே இருந்தவர்களும், நீ உட்பட, அவனுக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடலாம் என்று எனக்குப் போன் போட்டீர்கள். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தேன். "ஏண்டா, நம்ம வீட்டு நெத்திலிக் கருவாடு மட்டும் சந்தனமா மணக்குதா? அவன் ஊருக்குப் போயி நீ அதைக் கொதிக்கவச்சா அவன் ஆத்தா மூக்கைப் பொத்த மாட்டாளா?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். அப்புறம் அந்த மீனை முதலில் தொட்டுச் சாப்பிட்டவன் நீதான். கண்ணில் நீர் வர, "நல்லாதான்மா இருக்கு, உப்புதான் ஜாஸ்தி" என்றாய். ஒரே அடுப்புத்தான் இருக்கும் என்று அன்று முடிவானது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, என் பிள்ளை நன்றாக வந்துவிட்டான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகள் படிப்பு முடிந்து ஒவ்வொருவராகப் போனார்கள். நீ மேல்படிப்பு படித்துக்கொண்டு அங்கேயே இருந்தாய். வீட்டுப் பொறுப்பை உன்னிடம் விட்டேன். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உன்னைச் சந்தேகப்பட்டதாக ஆகும் என்று நினைத்தேன். வேலியே பயிரை மேயும் என்று யார் நினைப்பார்கள்? ஆயுதபூஜைக்குப் பொரி கடலை வாங்கிக்கொண்டு வந்தபோது வீடு நிறையப் பையன்கள். எல்லோரும் "அம்மா, அம்மா" என்று காலைச் சுற்றினார்கள். ஒருத்தனை ஒருத்தன் மச்சான் என்றான், மாமா என்றான், பங்காளி என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் விளையாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு இல்லை, நிஜமாகவே பங்காளிகள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அத்தனை பேரும் நம் ஆட்கள், தம்பி. ஒருத்தன் பாக்கியில்லாமல் நம் ஆட்கள்.

பிறகு நீ ஜெர்மனியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தாய். பலதரப்பட்ட மனிதர்களோடு சேர்ந்து வாழ நீ என்ன செய்திருக்கிறாய் என்று அவர்கள் கேட்டதாகவும், அதற்கு நம் வீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியதாகவும் சொன்னாய். ஒவ்வொரு வரியாகத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாய். ஒரே அடுப்பு, டோம்பாவின் மீன், ரெண்டு சட்டம், சட்டம் போட்ட அம்மா. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இடம் கிடைத்தது. அந்தக் கட்டுரையை என் போனில் வைத்துக்கொண்டு வார்டில் டாக்டர் அம்மாவிலிருந்து கூட்டுகிற ஆயா வரை காட்டாத ஆள் இல்லை. பெருமை பீற்றிக்கொள்வதில் எனக்கு இணை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெருமைதான் என்னைக் கொண்டுபோய் முட்டுச்சந்தில் நிறுத்தியது.

வார்டில் காலில் சர்க்கரைப் புண்ணோடு ஒரு அம்மா இருந்தார். புவனகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். தினமும் நான்தான் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவேன். அவர் பிள்ளை சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறவன். அவன் பெயரை மாற்றி ஸ்டீபன் என்று எழுதுகிறேன். ஊரிலிருந்து ரெண்டு பஸ் மாறிக் கல்லூரி, அங்கிருந்து சாயங்காலம் கடலூர், அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு மறுபடி ஊர். கண்ணெல்லாம் குழி விழுந்து கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. "ஏம்ப்பா, சிதம்பரத்துலயே ஒரு ரூம் எடுத்துத் தங்கினா என்னா?" என்று கேட்டேன். "கிடைக்கல சிஸ்டர்" என்றான். எனக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுத்து உன் கட்டுரையை நீட்டினேன். கட்டில் ஓரம் நின்றபடி முழுக்கப் படித்தான். "நல்லா எழுதியிருக்காரு சிஸ்டர். இந்த வீடு எங்க இருக்கு?" என்றான். ரயிலடிப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே பைப்பு, பச்சை கேட்டு என்று அடையாளம் சொன்னேன். "நாளைக்கே போ. என் பையன் இருப்பான். அம்மா அனுப்பினாங்கன்னு சொல்லு. நாங்க சாதி, மதம் எதுவும் கேக்க மாட்டோம்."

அவன் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். அவன் முகம் போன போக்கை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. கேலியும் இல்லை, கோபமும் இல்லை. தெரியாத்தனமாக யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டவன் போல ஒரு அடி பின்னால் போனான். "போன வருஷமே வந்தேன் சிஸ்டர்" என்றான்.

மீதியை நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரூம் இருக்குன்னுதான் சொன்னாரு. உக்காரவச்சு டீ குடுத்தாரு. நல்லாதான் பேசினாரு சிஸ்டர். அப்புறம் உங்க குலசாமி எதுன்னு கேட்டாரு. நாங்க சர்ச்சுக்குப் போறவங்கன்னேன். எப்பத்துலேருந்து போறீங்கன்னாரு. எங்க தாத்தா காலத்துலேருந்துன்னேன். சர்ச்சு ஊருக்குள்ள இருக்கா, வெளிய இருக்கான்னாரு. வெளியன்னேன். அப்புறம், எனக்கு ஒண்ணும் இல்ல பாஸ், எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க, அவுங்க பழைய ஆளு, தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொன்னாரு."

அவன் அம்மா கட்டிலில் படுத்தபடி, "டேய், விடுடா, சிஸ்டர்கிட்டப் போயி" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். என் கையில் கட்டுத்துணி இருந்தது. அந்தக் காலைத்தான் கொஞ்சம் முன்னால் மடியில் வைத்துக் கழுவியிருந்தேன். தம்பி, யோசித்துப் பார். அந்தப் பையன் கண்ணுக்கு அப்போது நான் யார்? டீ கொடுத்த நீ நல்லவன். அவன் அம்மாவின் காலைக் கழுவிய நான்தான் கதவைச் சாத்தியவள்.

சாதியை நேராகக் கேட்க நம் ஊரில் எல்லோருக்கும் நாக்குக் கூசும். அதனால்தான் குலசாமியைக் கேட்கிறோம். பாவம், சாமிக்குக் கொடுத்திருக்கிற வேலையைப் பார். பெண் பார்க்கப் போகிற இடத்தில் உன் மாமாக்கள் இப்படிக் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படித்தவன், நாலு விதப் பிள்ளைகளோடு ஒரே சட்டியில் தின்றவன், அந்தக் கேள்வியை டீ கிளாஸோடு சேர்த்து நீட்டக் கற்றுக்கொள்வான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். நீ இடித்துவிட்டு, இடித்த கோயிலைப் பற்றியே கட்டுரை எழுதி வெளிநாட்டில் இடமும் வாங்கிவிட்டாய்.

லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் வந்தேன். நீ மாடி அறையில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாய். "குலசாமி கேக்கறியாமே" என்றுதான் ஆரம்பித்தேன். நீ மறுக்கவில்லை. அதையாவது பாராட்ட வேண்டும்.

"எல்லா வீட்லயும் கேக்கறாங்கம்மா. சில பேரு மூஞ்சிலயே அடிச்ச மாதிரி போடான்னு சொல்றாங்க. நான் யாரையும் மரியாதை இல்லாமப் பேசினதில்ல."

"மரியாதையா வெளிய அனுப்பினியா?"

"உங்களுக்குப் புரியாதும்மா. டோம்பா செட்டு போனப்புறம் இன்னொரு காலனிப் பையனச் சேத்தேன். மத்தவனுங்க ஒண்ணா கெளம்பறோம்னு நின்னானுங்க. ஒரே கிச்சன். எனக்குப் பரிச்சை நேரம். தெனம் பஞ்சாயத்து பண்ண முடியுமா? யாரும் சண்ட போட்டுக்காம இருந்தா போதும்னு விட்டுட்டேன்."

"சரி. என்னை ஏன்டா இழுத்த?"

நீ பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "பெரியவங்கள சொன்னா யாரும் எதிர்த்துக் கேக்க மாட்டாங்கம்மா. பழைய காலத்து ஆளுன்னு அவுங்களே விட்டுடுவாங்க. நானா சொன்னா அப்புறம் கிளாஸ்ல அவுங்க மூஞ்சியப் பாக்க முடியாது. உங்கள அவுங்களுக்குத் தெரியவா போகுது?"

எத்தனை பேரிடம் சொன்னாய் என்று கேட்டேன். நினைவில்லை என்றாய். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கீழே இறங்கினேன். பையன்கள் எழுந்து நின்று, "அம்மா, சாப்ட்டுப் போங்கம்மா" என்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத்தான் தெரியவில்லை. கடலூர் திரும்பி உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அவன் எங்கிட்ட அப்பவே சொன்னான். உனுக்குத் தெரிஞ்சா குதிப்பியேன்னுதான் சொல்லல. போற நேரத்துல விடேன்" என்றார். முழுப் பூசணிக்காயை அப்பனும் பிள்ளையுமாகச் சேர்ந்து சோற்றில் மறைத்திருக்கிறீர்கள். அந்தச் சோற்றைப் பரிமாறியது நான்.

உனக்குப் புத்தி சொல்லும் வயதை நீ தாண்டிவிட்டாய். ஆனாலும் சொல்கிறேன், அங்கே போய் இன்னொரு பெரிய படிப்பாளிக் கூட்டத்தோடு இருக்கப் போகிறாய். ஒரு இடத்தில் எல்லோரும் சேர்ந்து வாழ்கிறார்களா என்று தெரிய வேண்டுமானால் உள்ளே இருப்பவர்களைக் கேட்காதே, அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்பார்கள். வாசலோடு திரும்பிப் போனவனைக் கேள். சண்டை இல்லாத வீடு நல்ல வீடு என்று நினைத்துவிட்டாய். டோம்பா இருந்தபோது வாரம் ஒரு சண்டை. உப்புக்குச் சண்டை, பாட்டுக்குச் சண்டை, நோன்பு நேரத்தில் விடியுமுன் எழுந்து பாத்திரம் உருட்டினான் என்று சண்டை. ஒவ்வொன்றுக்கும் நான் பஸ் ஏறி வந்தேன். அலுப்பாகத்தான் இருந்தது. அலுப்பாக இருந்தால் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நான் வந்திருப்பேன். கிளம்புகிறேன் என்று நின்றவர்களைக் கிளம்பச் சொல்லியிருப்பேன். பழைய ஆளுக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் உண்டு.

ஸ்டீபன் அம்மாவுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அன்று அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "தம்பி, அது நான் சொன்னது இல்லப்பா. எனக்குத் தெரியவே தெரியாது. நீ அந்த வீட்ல வந்து இருக்கணும்" என்றேன்.

"சரிங்க சிஸ்டர்."

"நீ நம்பலையா?"

"நம்பறேன் சிஸ்டர்" என்று டிபன் கேரியரை மூடினான். கண் என் பக்கம் வரவே இல்லை. "பஸ் பழகிடுச்சு சிஸ்டர். பரவால்ல."

அவன் நம்பவில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருப்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பெற்ற பிள்ளையே அம்மாவைப் பற்றிச் சொன்னால் அதை ஏன் நம்ப மாட்டான்? அவன் அம்மா மெதுவாகக் காலை ஊன்றி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சிஸ்டர். எல்லா வீட்லயும் பெரியவங்க அப்படித்தான் இருப்பாங்க. நீங்க என் காலத் தொட்டுக் கழுவினீங்க. அதுவே போதும். மனசுல வச்சிக்க மாட்டோம்" என்றார்.

நான் செய்யாத குற்றத்துக்கு அந்த அம்மா என்னை மன்னித்துவிட்டுப் போனார், தம்பி. ஆட்டோ ஏறும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிட்டிருப்பேன்.

சிதம்பரம் வீட்டுக் கேட்டில் இப்போது என் போன் நம்பரைத் தொங்கவிட்டிருக்கிறேன். அறை வேண்டும் என்கிறவர்கள் இனி என்னிடம் பேசட்டும். இருக்கிற பையன்களிடமும் பேசிவிட்டேன். வருகிறவர்களோடு ஒரே அடுப்பில் சமைக்க முடியாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். ரெண்டு பேர் மூட்டை கட்டுகிறார்கள். ஒருத்தன் அழுதான், ஏன் அழுதான் என்று நான் கேட்கவில்லை. வீட்டை என்னால் சரிசெய்துவிட முடியும். என் பெயரை என்னால் சரிசெய்ய முடியாது. அதைக் கெடுத்தவன் வாயால்தான் அது திரும்ப வரும்.

நீ கிளம்புவதற்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அந்தப் பையன்களைத் தேடிப் போ. ஸ்டீபன் படிக்கிற துறை உனக்குத் தெரியும், மற்றவர்களும் அதே வளாகத்தில்தான் இருப்பார்கள். மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவில்லை, அது உனக்கும் அவர்களுக்கும் உள்ள விஷயம், கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். எனக்காக ஒன்றே ஒன்று சொல். "அன்னிக்கு ஒத்துக்காதது எங்கம்மா இல்ல, நான்தான்" என்று சொல். கிளாஸில் எந்த முகத்தைப் பார்க்க முடியாது என்று பயந்தாயோ, அந்த முகத்தைப் பார்த்துச் சொல்.

சொல்லாமலே போய்விட்டால் என்ன செய்வேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்ய மாட்டேன். மாங்காய் ஊறுகாய் போட்டுக் கட்டித் தருவேன். குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்து வைத்தாயா என்று கேட்பேன். விமான நிலையத்துக்கு வந்து, உன் தலை மறையும்வரை நின்று அழுவேன். பெற்றவளுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் அந்த ஊரில் யாராவது உன்னிடம், உங்கள் அம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்டால், தயவுசெய்து ஒன்றும் சொல்லாதே.

அம்மா